கொழும்புத்துறையின் குடிசனக் கணக்கு

அரசுகளின் வரலாற்றை எழுதுவதற்கு ஆட்களும் ஆவணங்களும் எப்போதும் இருந்து வந்துள்ளன. சிற்றூர் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோனுக்கு அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. மன்னன் எழுப்பிய கோயிலைப் பற்றிக் கல்வெட்டுக் கூறும். அக்கோயிலுக்குக் கல் ஏற்றிவந்த தோணியை வலித்தவனைப் பற்றி ஒன்றும் கூறாது. யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்தில், பரவைக்கடலின் கரையில் அமைந்த கொழும்புத்துறையின் நிலையும் இதுவே. மேற்கே பாசையூரும் குருநகரும், வடக்கே சுண்டுக்குளி, கிழக்கே அரியாலை, தெற்கே நீர்ப்பரப்புக்கு அப்பால் பூநகரி என்று இவ்வூரின் நான்கு திசைகளையும் எளிதாகச் சொல்லிவிடலாம். இங்கே வாழ்ந்த மக்கள் எத்தனை பேர், எக்காலத்தில் பெருகினர், எக்காலத்தில் குறைந்தனர், ஏன் குறைந்தனர் என்னும் வினாக்களுக்கு அவ்வளவு எளிதில் விடை கூற முடிவதில்லை.

இவ்வினாக்களை உலகின் வேறொரு மூலையில் உள்ள ஒரு சிற்றூரைப் பற்றிக் கேட்டுப் பார்ப்போம். பிரான்சின் தென்பகுதியில் முந்நூறு பேர் மட்டுமே வாழும் மலையடிவாரக் கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பிரெஞ்சுப் புரட்சி மூண்ட 1789ஆம் ஆண்டின் இறுதியில், பெருநகர் முதல் குக்கிராமம் வரை ஒவ்வோர் ஊரும் தனக்கெனத் தெரிந்தெடுத்த சபையையும் தலைவரையும் உடைய 'கொம்யூன்' ஆகும் எனச் சட்டம் செய்யப்பட்டது. 1793 முதற்கொண்டு அவ்வூர்களின் குடித்தொகைக் கணக்குகள் கிடைக்கின்றன. இன்று ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் அங்கே உள்ளன. அவற்றுள் எதனையேனும் எடுத்து, இருநூறு ஆண்டுகளின் ஏற்ற இறக்கத்தை ஒரே அட்டவணையிற் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிரம்பியிருந்த ஊர் பின்னர் நகரத் தொழிற்சாலைகளுக்கு இளைஞரை இழந்ததையும், 1914 முதல் 1918 வரை நடந்த போரில் மீண்டும் இழந்ததையும் அந்த எண்களே காட்டிவிடும். ஊர் நடுவே நிற்கும் கல்லில் அப்போரில் மடிந்தவர் ஒவ்வொருவரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும்.

கொழும்புத்துறைக்கு இத்தகைய தொடர்ச்சியான அட்டவணை வாய்க்கவில்லை. இங்கே மக்களை எண்ணியவர்கள் இல்லாமற் போகவில்லை; நானூறு ஆண்டுகளாக எண்ணியே வந்திருக்கின்றனர். ஆயினும் எண்ணியவர் யார், எதற்காக எண்ணினர் என்று கேட்கும்போதுதான் இவ்வூரின் உண்மையான வரலாறு வெளிப்படத் தொடங்குகிறது.

துறையும் தலைநகரும்

ஊரின் பெயரே அதன் தொழிலைச் சொல்கிறது. கொழும்புக்குச் செல்லும் வள்ளங்கள் புறப்பட்ட துறை ஆதலால் இப்பெயர் வந்தது என்பர் ஒரு சாரார். பழைய சிங்களச் சொல்லான 'கொளம்ப' என்பதற்கே துறை, கடவை என்னும் பொருள் உண்டு என்பர் மற்றொரு சாரார். பின்னவர் கூற்றை ஏற்பின், இரு மொழியினர் ஒரே பொருளை இருமுறை சொல்லி வைத்த பெயர் இது எனக் கொள்ள வேண்டும். எவ்வாறாயினும், கடல் வழியே வந்தும் போயும் கொண்டிருந்த மக்களின் நாவில் உருவான பெயர் என்பதில் இரு சாராருக்கும் வேற்றுமை இல்லை.

நல்லூரைத் தலைநகராகக் கொண்டு ஆரியச் சக்கரவர்த்திகள் ஆண்ட காலத்தில், அந்நகருக்குத் தெற்கே இரண்டு கடல்வாயில்கள் இருந்தன. ஒன்று பண்ணைத்துறை, மற்றொன்று கொழும்புத்துறை. இரண்டிலும் காவல் இருந்தது. குடாநாடு தன் உணவுக்கும் மரத்துக்கும் வன்னிப் பெருநிலத்தை நோக்கியே இருந்தமையால், பூநகரிக்கும் நல்லூருக்கும் இடையிலான இக்கடவை அரசின் உயிர்நாடிகளுள் ஒன்றாயிற்று. ஆழமற்ற பரவைக்கடலில் மரக்கோல் ஊன்றித் தோணி செலுத்தியோர், கரையிற் சுமை இறக்கியோர், வலை வீசியோர், பனையேறியோர், கரைக்கு உட்புறத்தே தோட்டம் செய்தோர் ஆகியோரே அக்காலத்துக் கொழும்புத்துறையின் மக்களாய் இருந்திருப்பர்.

தலைநகரின் வாயிலாக இருப்பதால் வரும் சிறப்பும் துன்பமும் இரண்டையும் இத்துறை அறிந்தது. 1591இல் அந்திரே புர்த்தாடோ த மென்டோன்சா என்னும் போர்த்துக்கேயத் தளபதி தன் படையை இங்கேதான் இறக்கி நல்லூரின் மீது சென்றான். அப்போரில் மன்னன் புவிராச பண்டாரம் கொல்லப்பட்டான். போர்த்துக்கேயருக்குக் கட்டுப்பட்ட எதிர்மன்னசிங்கம் அரியணையில் அமர்த்தப்பட்டான். 1619இல் பிலிப்பே த ஒலிவேரா யாழ்ப்பாண இராச்சியத்தை முற்றாகக் கைப்பற்றினான். பின்னர் ஆட்சிபீடம் நல்லூரிலிருந்து பண்ணைத்துறையை அண்டிய கோட்டைப் பகுதிக்கு மாற்றப்பட்டது. அந்நாள் முதல் பண்ணைப் பக்கம் நகரமாய் வளர்ந்தது; கொழும்புத்துறை நகரத்தின் ஓரமாயிற்று. ஓர் ஊரின் தலைவிதியை அதன் மக்கள் அறியாமலே வேற்றார் முடிவு செய்த முதல் நிகழ்ச்சி இது எனலாம்.

தோம்பில் எழுதிய மனிதன்

அந்நிய ஆட்சியாளர் நிலைபெற்றதும் செய்த முதல் வேலைகளுள் ஒன்று எண்ணுவது. ஊர்கள், காணிகள், அவற்றிலிருந்து வரவேண்டிய இறைகள் ஆகியவற்றைப் போர்த்துக்கேயர் ஏடுகளிற் பதிந்தனர். 1645ஆம் ஆண்டுக்குரிய அத்தகைய பதிவேட்டைத் துணையாகக் கொண்டே பி. ஈ. பீரிஸ் 1920இல் யாழ்ப்பாண இராச்சியத்தின் ஆட்சியமைப்பைப் பற்றி நூல் எழுதினார். ஒல்லாந்தர் 1658இல் கோட்டையைக் கைப்பற்றிய பின் அப்பதிவுகளைத் திருத்தி விரிவாக்கினர். 'தொம்போ' என்னும் போர்த்துக்கேயச் சொல் 'தோம்பு' எனத் தமிழாகி, நம் காணி உறுதிகளில் இன்றும் உயிருடன் இருக்கிறது.

தோம்பில் ஒரு மனிதன் எவ்வாறு இடம்பெற்றான்? காணியுடையவன் தன் காணியின் பெயரோடு இடம்பெற்றான். காணியற்றவன் தன் தலைவரியோடும், ஆண்டில் குறித்த நாட்கள் கூலியின்றிச் செய்யவேண்டிய ஊழியத்தோடும் இடம்பெற்றான். கோட்டைக்குக் கல் சுமப்பது, சாயவேர் கிண்டுவது, பொதி காவுவது ஆகியவற்றுக்கு எத்தனை கைகள் உள்ளன என்பதே ஆட்சியாளன் அறிய விரும்பியது. பெண்ணும் பிள்ளையும் அவனுக்குத் தேவைப்படவில்லை. மதகுரு வேறு கணக்கு வைத்திருந்தார். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்த மதகுருவாய்ப் பணியாற்றிய பிலிப்பஸ் பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு கோயிற்பற்றிலும் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைகளின் தொகையைக் குறித்துள்ளார். வரிகாரன் கைகளை எண்ணினான். குரு ஆன்மாக்களை எண்ணினார். மக்களை மக்கள் என்ற முறையில் எண்ணுவதற்கு எவரும் வரவில்லை.

ஒல்லாந்தர் காலத்து ஏடுகளிலேயே நம்மவர் பலர் நினைக்க விரும்பாத மற்றோர் உண்மையும் உண்டு. 1706, 1707ஆம் ஆண்டுகளில் தொகுத்துச் சட்டமாக்கப்பட்ட தேசவழமை, காணிக்கும் சீதனத்துக்கும் விதி கூறுவதோடு நில்லாது அடிமைகளுக்கும் விதி கூறுகிறது. சாதியின் பெயரால் மனிதர் சொத்தாய் எழுதப்பட்டனர், முதுசமாய்ப் பங்கிடப்பட்டனர். இதனை அந்நியன் நம் தலையிற் சுமத்தியது என்று மட்டும் சொல்லித் தப்பிவிட முடியாது. யாழ்ப்பாணத்து முதலிமார் கூறிய வழக்கத்தையே ஒல்லாந்தன் எழுதினான். அந்த எழுத்தை 1806இல் பிரித்தானியன் உறுதிப்படுத்தினான். 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட போதும், அடிமையாய் இருந்தவனுக்குக் காணி கிடைக்கவில்லை. கிணற்றில் நீர் அள்ளும் உரிமை கிடைக்கவில்லை. கோயில் வாசலும் திறக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஊர் எதற்கும் குடிசன வரலாறு எழுதப் புகுவோர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமற் செல்வாராயின், ஊரிற் பாதியை விட்டுவிட்டு எழுதியவராவர்.

எண்ணிக்கை உரிமையான கதை

பிரித்தானியர் 1824இல் கரையோர மாகாணங்களின் மக்களைக் கணக்கெடுத்து 1827இல் வெளியிட்டனர். அக்கணக்கிலும் சாதியே முதற் பிரிவாய் இருந்தது. தீவு முழுவதற்குமான முதலாவது முறையான குடிசன மதிப்பு 1871 மார்ச்சு 27இல் நடந்தது. அப்போது இலங்கையின் மக்கள் ஏறத்தாழ 24 இலட்சம். அதன் பின் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணுவது வழக்கமாயிற்று.

1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்திய அத்தியட்சகர் பொன்னம்பலம் அருணாசலம். பிறப்பு, இறப்பு, நோய், தொழில், கல்வி ஆகியவற்றை ஆராய்ந்து அவர் எழுதிய அறிக்கை, ஆட்சியாளன் மேசைக்குச் செல்லும் பட்டியலைச் சமூக ஆய்வாக மாற்றியது. பிற்காலத்தில், 1915இல் சமூக சேவைச் சங்கத்தையும் 1919இல் தொழிலாளர் நலச் சங்கத்தையும் நிறுவியவரும் அவரே. எண்களைக் கூர்ந்து படித்த மனிதர் ஏழைகளின் நிலையைக் காணாமல் இருக்க முடியவில்லை என்பது நமக்குப் பாடமாகும். அந்தக் கணக்கில் யாழ்ப்பாண நகரின் மக்கள் ஏறக்குறைய 34,000 பேர்.

1911இல் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 'இலங்கைத் தமிழர்' என்றும் 'இந்தியத் தமிழர்' என்றும் குடிசன மதிப்பு முதன்முறையாகப் பிரித்து எண்ணியது. கணக்கெழுதுவோரின் வசதிக்கென இட்ட கோடு போலத் தோன்றிய இப்பிரிவு, 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது இலட்சக்கணக்கான மலையகத் தொழிலாளரை நாடற்றவர் ஆக்குவதற்கு உதவியது. அவர்களுட் பலர் 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் வன்னிக்கு வந்து குடியேறினர். கொழும்புத்துறைக் கரையில் நின்று தெற்கே நோக்கினாற் பூநகரிக் கரை. அதற்கு அப்பால் கிளிநொச்சி. பட்டியலில் இடும் ஒரு கோடு நூறு கல் தொலைவிலுள்ள மக்களைப் பெயர்த்து நம் எதிர்க்கரைக்குக் கொணர்ந்துவிடும் வலிமை உடையது என்பதை நாம் மறக்கலாகாது.

அதே காலத்தில் எண்ணிக்கை உரிமையாகவும் மாறியது. 1920களில் இலங்கை மக்களுள் நூற்றுக்கு நால்வருக்கே வாக்குரிமை இருந்தது. 1931இல் வயதுவந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. தோம்பில் கையாக மட்டும் எழுதப்பட்டவனும், எழுதப்படாமலே விடப்பட்ட பெண்ணும் முதன்முறையாக ஓர் ஆளாக எண்ணப்பட்டனர். முழுச் சுயராச்சியம் தரப்படவில்லை என்ற காரணத்தால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பை ஏற்று அவ்வாண்டுத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. சாதி வேற்றுமையை எதிர்த்தும் தாய்மொழிக் கல்விக்காகவும் குரல் எழுப்பிய அவ்வியக்கத்தின் பெருமை குறையாது. எனினும், ஒடுக்கப்பட்ட மக்கள் தமக்குக் கிடைத்த முதல் வாக்கை அன்று பயன்படுத்த முடியாமற் போயிற்று என்பதும் வரலாறே.

நகருள் கரைந்த ஊர்

துறைமுகமாய் இருந்த ஊர் துறையை இழந்தது எப்போது? வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இல் காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியது. ஆனையிறவு வழியே இருப்புப் பாதையும் தெருவும் குடாநாட்டைப் பெருநிலத்தோடு பிணைத்த பின், சுமையேற்றிய தோணிகளுக்கு வேலை குறைந்தது. கடவைத் தொழில் ஒடுங்க, மீன்பிடியும் கூலிவேலையும் நகரத்து உத்தியோகமும் அதன் இடத்தைப் பிடித்தன. களங்கண்டி கட்டியும் வலை இழுத்தும் இறாலும் நண்டும் பிடிப்போர் கரையில் இருந்தனர்; படித்தோர் கச்சேரிக்கும் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்றனர்.

1949இல் யாழ்ப்பாணம் மாநகர சபை ஆயிற்று. கொழும்புத்துறை அதன் எல்லைக்குள் அடங்கியது. அன்று முதல் நகரின் தொகையைக் கேட்டால் விடை உடனே வரும்: 1946இல் 62,500க்குச் சற்று மேல், 1981இல் 1,18,224. கொழும்புத்துறையின் தொகையைக் கேட்டால் முதலில் எல்லையைக் கேட்க வேண்டும். மாநகர வட்டாரத்தின் எல்லை வேறு. கிராம அலுவலர் பிரிவின் எல்லை வேறு. ஊரவர் மனத்தில் உள்ள ஊரின் எல்லை இவ்விரண்டிலும் வேறு.

வெளியூராருக்கு இவ்வூர் இரண்டு காரணங்களால் தெரிந்திருந்தது. ஒன்று, யோகர் சுவாமிகள் 1964இல் மறையும் வரை பல்லாண்டுகள் இங்கு ஒரு குடிலில் வாழ்ந்தமை. மற்றொன்று, இங்கே இயங்கிய கத்தோலிக்க ஆசிரியர் கலாசாலை. குடாநாட்டுப் பள்ளிகள் பலவற்றில் கரும்பலகையின் முன் நின்றவர்கள் இவ்வூரில் தங்கிப் பயின்று சென்றவர்கள். சைவரும் கத்தோலிக்கரும் ஒரே கரையில் வாழும் ஊருக்கு இவ்விரண்டு அடையாளங்களும் பொருந்தும். ஆயினும் துறவியையும் கலாசாலையையும் நினைவிற்கொள்ளும் நாம், அக்கரையில் வலை உலர்த்தியவர்களின் பெயர்களை ஏன் நினைவிற்கொள்ளவில்லை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எண்ணாத முப்பத்தொரு ஆண்டுகள்

1981க்குப் பின் 1991இல் நாட்டில் குடிசன மதிப்பே நடைபெறவில்லை. 2001இல் நடந்தபோது வடக்கின் பெரும்பகுதியில் அதனை முழுமையாக நடத்த முடியவில்லை. ஆகவே 1981க்கும் 2012க்கும் இடையே முப்பத்தொரு ஆண்டுகள் நம் ஊர்கள் முறையாக எண்ணப்படாமற் கழிந்தன. சனங்கள் மிகுதியாக இடம்பெயர்ந்ததும் இறந்ததும் அந்த ஆண்டுகளிலேதான்.

1990 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் நகரைவிட்டு வெளியேற்றினர். அம்மாதத்தில் வடக்கிலிருந்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு விரட்டப்பட்டனர். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபோது மக்கள் உயிரைப் பணயம் வைத்துக் கிளாலி வழியே பரவைக்கடலை இரவிற் கடந்தனர். கடற்படையின் சூட்டில் நீரிலே மாண்டோர் பலர். நூற்றாண்டுகளாக மக்களைச் சுமந்த நீர்ப்பரப்பு, கொழும்புத்துறை மீனவனுக்குத் தடைசெய்யப்பட்ட வலயமாயிற்று. 1995 ஒக்ரோபர் 30இல், இராணுவம் முன்னேறிய வேளையில், வலிகாமமும் நகரமும் சேர்ந்து நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் புலிகளின் கட்டளைப்படி ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். 1996இல் திரும்பியோர் உண்டு. வன்னிக்கும் கடல் கடந்தும் போனோர் உண்டு. 2000 மே மாதத்தில் போர்முனை மீண்டும் அரியாலை, கொழும்புத்துறைப் பக்கம் வந்தபோது, திரும்பிவந்தோரும் மறுபடி மூட்டை கட்டினர்.

1996இல் இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த குடாநாட்டில் ஏறத்தாழ 600 பேர் காணாமல் ஆக்கப்பட்டனர். நம் ஊருக்கு அண்மையிலுள்ள செம்மணியில் 1999இல் பதினைந்து பேரின் எலும்புகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. 2025இல் அதே பகுதியில், அரியாலைச் சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுட் சிறு பிள்ளைகளுடையனவும் இருந்தன. தோம்பு எண்ணாத மனிதரை, குடிசன மதிப்பு எண்ணாத மனிதரை, கடைசியில் மண்வெட்டி எண்ணியது.

2012இல் மீண்டும் எண்ணியபோது யாழ்ப்பாண மாநகரின் மக்கள் 88,138 பேர். முப்பத்தொரு ஆண்டுகளில் முப்பதினாயிரம் பேர் குறைந்திருந்தனர். இயற்கைப் பெருக்கத்தையும் சேர்த்து நோக்கின் இழப்பு இதனினும் பன்மடங்கு. போனவர் எங்கே என்று அந்த எண் சொல்லாது. துரத்தப்பட்ட முஸ்லிமையும், செம்மணியில் புதைந்த இளைஞனையும், ரொறன்ரோவில் குடியேறிய குடும்பத்தையும் அது ஒரே கழித்தல் குறியால் காட்டும்.

இவ்வெண்கள் வெறும் நினைவுப் பொருளல்ல. 2010ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு ஒன்பது பாராளுமன்ற ஆசனங்கள் இருந்தன. 2015இல் அவை ஏழாயின, 2024இல் ஆறாயின. வாக்காளர் இடாப்பில் பெயர் குறையக் குறையப் பேசும் குரலும் குறைகிறது. கொல்லப்பட்டவனும் துரத்தப்பட்டவனும் தம் உயிரையும் ஊரையும் இழந்ததோடு, எஞ்சியிருப்போரின் உரிமையிலும் ஒரு பங்கைத் தம்மோடு கொண்டுபோக நேர்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியது

2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. பூநகரிக்கும் குடாநாட்டுக்கும் இடையே தோணிகள் செய்த வேலையை இன்று பாலம் செய்கிறது. பேருந்துகள் தென்மராட்சி வழியே விரைகின்றன. கொழும்புத்துறை, துறை இல்லாத துறையாய் நிற்கிறது. பழைய கடவையை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்களோடு கரையின் பெயர்களும், நீரோட்டங்களின் பெயர்களும், எந்த வீட்டார் எந்த ஆண்டு எங்கே போயினர் என்ற அறிவும் மறைகின்றன.

பிரெஞ்சுக் கிராமத்துக்கு அதன் எண்களைத் தந்தது ஒரு புரட்சி. நமக்கு அத்தகைய சபையும் இல்லை, அத்தகைய ஏடும் இல்லை என்று கூறிக் கைகட்டி இருப்பது முறையன்று. ஆசிரியர்களும் மாணவர்களும் நிறைந்த நாடு நம்முடையது. ஒரு பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர், தம் ஊரின் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று மூன்று வினாக்களைக் கேட்கலாம்: இவ்வீட்டில் 1981இல் வாழ்ந்தோர் யார்? அவர்கள் இன்று எங்கே? இறந்தவர் எப்போது, எவ்வாறு இறந்தனர்? காணி உறுதி உள்ள வீட்டோடு நில்லாமல், குத்தகை நிலத்தில் இருந்தோரையும், கரையில் கொட்டில் போட்டு வாழ்ந்தோரையும், 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் அயல்வட்டார மக்களையும் கேட்க வேண்டும். சாதியின் பெயரால் எவரையும் ஏட்டின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாமல் எழுத வேண்டும். கொன்றவன் எப்பக்கத்தவனாயினும் கொல்லப்பட்டவனின் பெயரை எழுத வேண்டும்.

வரிக்காக எண்ணினர், ஊழியத்துக்காக எண்ணினர், சாதிக்காகவும் வாக்குக்காகவும் எண்ணினர். ஒரு முறையேனும் கொழும்புத்துறையின் மக்கள் தம்மைத் தாமே, பெயர் பெயராக எண்ணிக்கொள்ளட்டும். அவ்வேடு முடியும் நாளில், எத்தனை பேர் என்னும் வினாவுக்கு மட்டுமன்றி, யார் யார் என்னும் வினாவுக்கும் இவ்வூர் விடை கூறும்.